தரானிலிருந்து வந்த குக்ரி: ஒரு பட்டாளத்து மருத்துவரின் மதிப்புரை

இந்திய ராணுவத்தின் கோர்க்கா பட்டாலியன்களில் பணியாற்றி வெளிவந்த அதிகாரிகளின் வீடுகளில், கோர்க்கா வீரர்கள் இடுப்பில் கட்டும் வளைந்த நேபாளக் கத்தியான குக்ரி ஒன்று சுவரில் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவை பிரியாவிடை விருந்தில் அளிக்கப்பட்ட பரிசுகள்: வெள்ளி முலாம் பூசிய உறை, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கிய அலகு, பின்னால் தேக்குப் பலகை, அதில் பெயரும் ஆண்டும் பொறித்த பித்தளைத் தகடு. 8 கோர்க்கா ரைஃபிள்ஸின் ஒரு பட்டாலியனில் ரெஜிமென்டல் மெடிக்கல் ஆபீசராக இருந்துவிட்டு, குறுகிய காலப் பணி முடிந்து வெளியேறியபோது எனக்கும் அப்படி ஒன்றைக் கொடுத்தார்கள். அதை நான் இன்றும் போற்றி வைத்திருக்கிறேன். ஆயினும் அதைக் கொண்டு ஒரு சுள்ளியைக்கூட வெட்ட முடியாது. ஜவான்கள் இடுப்பில் கட்டியிருந்த, நான் நாள்தோறும் பார்த்துப் பழகிய குக்ரி வேறு. அந்த வேலைக்கார குக்ரிதான் வேண்டும் என்று நெடுங்காலமாக எனக்கு ஆசை. கிழக்கு நேபாளத்தின் தரான் நகரில் குடியிருக்கும் எங்கள் பட்டாலியனின் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், அங்குள்ள பட்டறையொன்றில் சொல்லிச் செய்வித்து, அண்மையில் அதை நீலகிரியில் இருக்கும் என் வீட்டு முகவரிக்கு அனுப்பிவைத்தார்.

இதே வடிவத்தைத் தரானிலும் போஜ்பூரிலும் காட்மாண்டுவிலும் பல பட்டறைகள் செய்கின்றன. ஆகவே பட்டறையின் பெயரைவிட, இப்படிப்பட்ட ஒரு கத்தியில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எண்ணெய் தோய்ந்த தாளில் சுற்றி, அதன்மேல் கோணித் துணியால் தைத்து அனுப்பியிருந்தார்கள். பிரித்ததும் கடுகெண்ணெயும் எருமைத் தோலும் கலந்த வாசனை எழுந்தது. நான் அதைத் தொடுவதற்கு முன்பே சுபேதார் தொலைபேசியில் அழைத்து, "டாக்டர் சாப், உறையின் முதுகுப் பக்கத்தைப் பிடித்து உருவுங்கள்" என்று நினைவூட்டினார். குக்ரியைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அதுதான். உறை என்பது இரண்டு மரப் பட்டைகளைச் சேர்த்து மேலே தோல் போர்த்தியது. கத்தியின் வெட்டு வாய் அந்த இரண்டு பட்டைகளும் சேரும் பொருத்தின் பக்கமாகவே உராய்ந்து வெளிவருகிறது. இடது கை விரல்களால் உறையை முழுவதுமாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வேகமாக இழுத்தால், பொருத்துப் பிளந்து அலகு விரல்களுக்குள் இறங்கிவிடும். கோர்க்கா பட்டாலியனுக்கு மருத்துவராகப் போகிறவர் தையல் போடும் குக்ரிக் காயங்களில் பல, இடது கையின் விரல்களிலும் உள்ளங்கையிலும் ஏற்பட்டவையாகவே இருக்கும். எனவே உறையின் முதுகுப் பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து, அலகின் முதுகு உறையின் முதுகோடு ஒட்டி வருமாறு மெல்ல உருவ வேண்டும். உறைக்குள் திருப்பிச் செலுத்தும்போதும் இதே முறைதான்.

இனி கத்திக்கு வருகிறேன். அலகின் நீளம் 26.5 சென்டிமீட்டர், கைப்பிடி 12.5 சென்டிமீட்டர், பிடிக்கு அருகே முதுகின் கனம் 8 மில்லிமீட்டர், உறையில்லாமல் எடை 560 கிராம். எண்களைப் படிக்கும்போது பாரமாகத் தோன்றலாம். கையில் எடுத்தால், வளைவுக்கு முன்னால் அகன்றிருக்கும் வயிற்றுப் பகுதியில் எடை குவிந்திருப்பதால், வீசும்போது கத்தியே கையை முன்னுக்கு அழைத்துப் போகிறது. தோளின் பலம் அதிகம் வேண்டியதில்லை. அலகு கீழ்நோக்கி வளைந்திருப்பதால், மணிக்கட்டை மடக்காமலேயே வெட்டு வாய் மரத்தில் சரியான கோணத்தில் இறங்குகிறது. நாள் முழுவதும் புதர் வெட்டிப் பாதை திறக்கும் ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, மாலையில் மணிக்கட்டு வீக்கத்தோடு யாரும் என்னிடம் வராததிலிருந்தே நான் அறிந்துகொண்டேன்.

எஃகு, நேபாளப் பட்டறைகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் 5160 வகை, அதாவது லாரியின் பட்டை ஸ்பிரிங். நூற்றுக்கு 0.56 முதல் 0.64 வரை கரியும், 0.7 முதல் 0.9 வரை குரோமியமும் கொண்டது. நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாள் அடிக்கத் தேடிப் பிடிப்பதும் இதே லாரிப் பட்டையைத்தான். அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே உருவான எஃகு ஆதலால், ஓங்கி வெட்டும் கத்திக்கு இது மிகவும் பொருத்தம். துரு பிடிக்காத எஃகில் செய்த குக்ரிகள் கடைகளில் அழகாக இருந்தாலும், வேலைக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பதம் ஏற்றும் முறைதான் குக்ரியின் உயிர். விஸ்வகர்மா சமூகத்துக் கொல்லர்கள் அலகைச் செந்தழலாகக் காய்ச்சி எடுத்து, முழுவதையும் தண்ணீரில் முக்காமல், ஒரு கெண்டியிலிருந்து வெட்டு வாயின்மீது மட்டும் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். தண்ணீர் பட்ட வாய் இறுகுகிறது. மெல்ல ஆறும் முதுகு மென்மையாக, வளைந்து கொடுப்பதாக நிற்கிறது. எவ்வளவு நேரம், எந்த இடத்தில், எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் கொல்லரின் கண்ணும் எஃகின் நிறமும் சொல்லும் கணக்கு. வந்த கத்தியில் அது சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நல்ல அரம் ஒன்றை எடுத்து வெவ்வேறு இடங்களில் லேசாக இழுத்துப் பார்த்தேன். வயிற்றுப் பகுதியின் வாயில் அரம் பற்றாமல் வழுக்கியது, ஓசையும் கணீரென்று மெலிதாக இருந்தது. பிடிக்கு அருகிலும் முதுகிலும் அரம் கடித்து, நுண்ணிய தூள் உதிர்ந்தது. வெட்டு விழும் இடம் கடினம், அதிர்வைத் தாங்கும் இடம் மென்மை. இந்த ஒரு சோதனையிலேயே பட்டறையின் மீது எனக்கு மதிப்பு உண்டாகிவிட்டது. நுனியின் கடைசி இரண்டு விரற்கடை தூரத்தில் மட்டும் கடினம் சற்றுக் குறைகிறது. நுனியால் குத்தி நெம்புகிறவர்களுக்கு அதுவும் நல்லதே, உடையாது.

அலகின் அடியில், பிடிக்குச் சற்று முன்னால் இருக்கும் சிறு வெட்டுப் பள்ளமான காடியைப் பற்றிப் பல விளக்கங்கள் உலவுகின்றன. சிவனின் சூலம் என்பார்கள், பசுவின் குளம்பு என்பார்கள், வழியும் ரத்தம் கைப்பிடிக்கு வராமல் தடுக்க என்பார்கள். இந்தக் கத்தியில் காடியின் உள்விளிம்புகள் நன்றாக உருட்டித் தேய்க்கப்பட்டிருப்பதை மட்டும் குறிப்பிட்டால் போதும். கூர்மையாக விட்ட காடியிலிருந்து விரிசல் தொடங்கும் வாய்ப்புண்டு என்பதால், வாங்குகிறவர்கள் விரல் நகத்தால் அந்த இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். அதோடு சேர்த்து ஒரு கட்டுக்கதையையும் ஒதுக்கிவிடலாம்: உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் பார்க்காமல் திரும்ப வைக்கக் கூடாது என்று சொல்வார்கள். எங்கள் பட்டாலியனில் குக்ரி காலையில் விறகு பிளந்தது, மதியம் லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையற்கூடத்தில், இறைச்சி வெட்டியது, மாலையில் கூடாரத்துக்கு முளை சீவியது.

இந்தக் கத்தி எனக்கு ஏன் வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. வடகிழக்கின் மலைக்காட்டில் ரோந்து சென்ற ஒரு குழுவோடு நானும் போயிருந்தேன். மழையில் நனைந்த சரிவில் ஒரு இளைஞன் வழுக்கி விழுந்து, கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. எலும்பு தோலைக் கிழிக்கவில்லை என்றாலும் கால் திரும்பிக் கிடந்தது. நான் வலி குறைக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, அப்போது நாயக் என்னும் கீழ்நிலைப் பதவியில் இருந்த இந்தச் சுபேதார், பக்கத்து மூங்கில் புதரில் இறங்கிவிட்டார். நான் என்ன கேட்கப் போகிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முதலில் முறிந்த காலை அசையாமல் கட்டும் சிம்புக்கான பட்டைகள் வந்தன: இரண்டாகப் பிளந்து, கணுக்களை மட்டம் செய்து, காலில் உறுத்தாதபடி ஓரம் சீவியவை. சிம்பு வைத்துக் கட்டி முடிப்பதற்குள் தூக்குவதற்கான நீண்ட கழிகள் இரண்டும் தயார். அவற்றில் போர்வையைச் சுற்றி டோலி கட்டியாகிவிட்டது. எல்லாவற்றையும் செய்தது இடுப்பிலிருந்த ஒரே குக்ரி. மருத்துவக் கல்லூரியில் நான் கற்ற சிகிச்சையை அந்தக் காட்டில் சாத்தியமாக்கியது அந்தக் கத்தி. அந்த இளைஞன் பிறகு நன்றாக நடந்தான்.

அதே ஆண்டு தசராவில், வழக்கம்போல ரைஃபிள்களையும் குக்ரிகளையும் துர்க்கையின் படத்துக்கு முன்னால் அடுக்கி வைத்தார்கள். சுபேதார் மேஜர் ஆள் அனுப்பி, என் அறுவைக் கருவிகளையும் கேட்டு வாங்கினார். ஸ்கால்பெல் பிடியும் ஃபோர்செப்ஸும் வைத்த எஃகுத் தட்டு குக்ரிகளின் வரிசையிலேயே இடம்பெற்றது; எல்லாவற்றுக்கும் ஒரே திலகம். சரஸ்வதி பூசையன்று புத்தகத்தையும் அரிவாளையும் ஒன்றாக வைத்துப் பொட்டிடும் வீட்டில் வளர்ந்த எனக்கு, அந்தப் பூசையில் விளக்கம் கேட்க எதுவும் இருக்கவில்லை.

படைக்கலமாக இந்தக் கத்தியின் வரலாறு ஆவணங்களிலேயே நிற்கிறது. 1943 ஏப்ரல் 5ஆம் தேதி இரவு துனிசியாவில், 2ஆம் கூர்க்கா ரைஃபிள்ஸின் சுபேதார் லால்பகதூர் தாபா குறுகிய மலைப்பாதையில் எதிரியின் நிலைகளைக் குக்ரியும் கைத்துப்பாக்கியுமாகத் தாக்கிக் கைப்பற்றி விக்டோரியா கிராஸ் பெற்றார். 1961 டிசம்பர் 5 அன்று காங்கோவின் கட்டாங்காவில், ஐ.நா. படையில் இருந்த 1 கோர்க்கா ரைஃபிள்ஸின் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, தன்னுடன் இருந்த சிறு குழுவோடு, எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய எதிரிப் படைமீது குக்ரிகளோடும் கையெறி குண்டுகளோடும் பாய்ந்து உயிர் துறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. 1947இல் பத்து கூர்க்கா ரெஜிமென்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் பிரிந்தபோது 8ஆம் ரெஜிமென்ட் இந்தியாவுக்கு வந்தது. அதன் கர்னலாக நீண்ட காலம் இருந்து, ஜவான்களால் சாம் பகதூர் என்று அழைக்கப்பட்ட பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா, குன்னூரில் வாழ்ந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமாகி, உதகையில் அடக்கம் செய்யப்பட்டார். நீலகிரிக்கும் இந்த ரெஜிமென்டுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது.

குறைகளுக்கு வருகிறேன். கைப்பிடி எருமைக் கொம்பு; கறுத்து, நுண்ணிய சாம்பல் ரேகைகள் ஓடி, நடுவே வளையம் கடைந்து, கையை விட்டு நழுவாதபடி அடியில் விரிந்திருக்கிறது. அலகின் வால் கைப்பிடிக்குள் கடைசி வரை ஓடி, அடித் தகட்டில் அடித்து மடக்கப்பட்டிருக்கிறது; உள்ளே அரக்குக் கலவை ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். இவையெல்லாம் திருப்தி. ஆனால் பித்தளைப் பூணுக்கும் கொம்புக்கும் நடுவே ஒரு பக்கத்தில் தலைமுடி நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. கொம்பு, ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப விரிந்து சுருங்கும் பொருள். தரானின் வெப்பத்தில் செய்தது உதகைக் குளிருக்கு வந்தால் சற்று மாறத்தான் செய்யும் என்றாலும், புதுக் கத்தியில் இதை நான் விரும்பவில்லை. அந்த இடைவெளியில் தேன்மெழுகைச் சூடாக்கி இறக்கியிருக்கிறேன். இடைவெளி வேண்டாம் என்பவர்கள் ஈட்டி வகையைச் சேர்ந்த சீசம் மரப் பிடி கேட்டு வாங்கலாம். மரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, நனைந்த கையிலும் நன்றாகப் பிடிக்கிறது.

உறையின் பின்புறப் பையில் இரண்டு சிறு கருவிகள் வருகின்றன: கர்தா என்னும் சிறு கத்தி, சக்மக் என்னும் தீட்டுகோல். சக்மக் நன்றாகவே இருக்கிறது. வாயில் மடிந்த நுண்ணிய விளிம்பை அது நிமிர்த்திவிடுகிறது. கர்தாவோ வெறும் ஒப்புக்குச் செய்தது. எஃகில் பதம் ஏற்றவேயில்லை. ஒரு உருளைக்கிழங்கைத் தோல் சீவினால் மழுங்கிவிடுகிறது. பெரிய கத்தியில் இவ்வளவு அக்கறை காட்டிய பட்டறை, பக்கத்திலிருக்கும் சிறிய கத்தியைக் கவனிக்காமல் விட்டது வருத்தம் தருகிறது. பட்டாலியனில் ஜவான்கள் கர்தாவைக் கொண்டு பழம் நறுக்குவார்கள், முள் எடுப்பார்கள், கயிறு அறுப்பார்கள். அது அலங்காரத்துக்கு வைத்த பொருள் அன்று. சுபேதாரிடம் இதைச் சொன்னபோது, பட்டறைக்காரரோடு அவரே பேசி வேறு கர்தா ஒன்று அனுப்பச் சொல்வதாகச் சொன்னார். கடையில் வாங்குகிறவருக்கு இப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டார் என்பதால், இதை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன்.

அலகில் பொறித்திருக்கும் சின்னம், குறுக்கிட்ட இரண்டு குக்ரிகளும் 8 என்ற எண்ணும், தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆழம் போதாது. எண்ணெய் போட்டு வழக்கமாகத் துடைத்து வந்தால் சில ஆண்டுகளில் மங்கிவிடும் என்றே நினைக்கிறேன். கையால் உளி வைத்து வெட்டினால் நிற்கும்.

வேலையில் இதைச் சோதித்துப் பார்த்ததில் எனக்கு முழு நிறைவு. காய்ந்த சீகை (வாட்டில்) விறகில் கை அளவு கனமுள்ள கிளை, இரண்டு பக்கமிருந்தும் மாற்றி மாற்றிச் சாய்வாக வெட்டியபோது விரைவில் துண்டானது. வாயில் பல் விழவில்லை, மடிப்பும் இல்லை. கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) முறுக்கேறிய நார்களில் அலகு சற்றுச் சிக்கிக்கொள்கிறது, ஆனால் பக்கங்கள் குவிந்த வடிவில் தேய்க்கப்பட்டிருப்பதால் லேசாக ஆட்டினால் விடுபடுகிறது. பச்சை மூங்கிலில்தான் அதன் முழுத் திறமையையும் கண்டேன். கணுவுக்குச் சற்று மேலே சாய்த்து ஒரு வெட்டு. மூங்கில் நொறுங்காமல், நார் கிழியாமல், மழுமழுவென்று அறுந்து சாய்ந்தது. பிறகு அலகை மூங்கிலின் தலையில் வைத்து, முதுகைக் கட்டையால் தட்டினால் அடி வரை நேராகப் பிளக்கிறது. சிம்பு சீவ நினைத்துப் பட்டையின் ஓரத்தை மட்டம் செய்து பார்த்தேன். வளைவுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள நேரான வாய் அந்த நுண்ணிய வேலைக்கு அளவெடுத்ததுபோல் அமைகிறது. திருப்பாச்சி அரிவாளோடு ஒப்பிட்டால், ஓங்கி வெட்டும் விசையில் அரிவாள் ஒரு படி மேலே நிற்கும். ஒரே கருவியால் வெட்டவும் பிளக்கவும் சீவவும் வேண்டுமென்றால் குக்ரியைத்தான் எடுப்பேன்.

பராமரிப்பு எளிது, ஆனால் தவறவிடக் கூடாது. ஈரம் பட்டால் உடனே துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடுகிறது. நெடுநாள் வைத்திருக்கும்போது உறைக்குள் விடாமல், எண்ணெய் தாளில் சுற்றித் தனியாக வைப்பது நல்லது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நீலகிரியின் ஆனி, ஆடி மழையில் இது மிகவும் முக்கியம்.

விலை 6,000 நேபாள ரூபாய். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.6 நேபாள ரூபாய் என்ற நிலையான மாற்று விகிதத்தில் 3,750 ரூபாய் ஆகிறது. கூரியர் கட்டணமும் சுங்கத் தீர்வையும் தனி. கையால் அடித்த, பதம் சரியாக ஏறிய எஃகுக்கு இது குறைந்த விலை என்றே சொல்வேன். வாங்கும் முன் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்கோ விவசாயத்துக்கோ என்று வடிவமைக்காத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால், அது ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் கூர்முனை ஆயுதங்களின் வகைக்குள் வருகிறது. அரசு அறிவிக்கை செய்திருக்கும் பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் தேவை. இந்த அலகு 10 அங்குலத்தைத் தாண்டுகிறது. ஆகவே உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பொது இடத்தில் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவதற்கான பொருள் இது அன்று. விமானத்தில் கையோடு எடுத்துச் செல்லவும் முடியாது.

கோர்க்கா பட்டாலியனில் இருந்தவருக்கோ, அப்படி இருந்த தந்தைக்கோ பரிசளிக்க நினைப்பவர்கள் வெள்ளி முலாம் பூசியதைத் தேடாமல் இந்தப் படைவீரர் வடிவத்தையே கேளுங்கள். எந்தக் கத்தி அவர்களுடைய இடுப்பில் இருந்ததோ அதுதான் அவர்கள் கைக்குத் திரும்பி வர வேண்டும். பட்டறைக்குச் சொல்லும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: அலகு 5160 எஃகாக இருக்க வேண்டும், பதம் தண்ணீர் ஊற்றி ஏற்றியதாக இருக்க வேண்டும், கர்தாவுக்கும் அதே எஃகில் பதம் ஏற்ற வேண்டும், ரெஜிமென்ட் சின்னத்தை உளியால் ஆழமாக வெட்ட வேண்டும். அலகை எண்ணெய் கல்லில் தீட்டி முடித்த நிலையில் அனுப்பச் சொல்லுங்கள். சில பட்டறைகள், கேட்காவிட்டால், வாயைத் தீட்டாமலேயே அனுப்பிவிடுகின்றன.